மூன்றாம் அத்தியாயத்தில் பிடித்த நோய்

எனக்கு அந்த நோய் மூன்றாம் அத்தியாயத்தில் பிடித்தது. முதல் இரண்டு அத்தியாயங்களை எழுதும்வரை நான் ஆரோக்கியமாகத்தான் இருந்தேன். அந்தப் பக்கங்களில் இன்னும் இருக்கிற பஜ்ஜி எண்ணெய்க் கறையே அதற்குச் சாட்சி.

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் புக்கிங் ஆபீஸில் போன் எடுப்பது என் வேலை. எங்கள் முதலாளியின் வண்டிகள் ஆந்திராவில் ஒன்று, மத்தியப் பிரதேசத்தில் இரண்டு என்று எங்கெங்கோ நிற்கும். எந்த வண்டி எந்த ஊருக்குப் போகவேண்டும், எங்கே பாறை மாட்டிக்கொண்டது, எங்கே பைப் தீர்ந்துவிட்டது எல்லாம் என் காது வழியாகத்தான் போகும். இது வயிற்றுக்கான வேலை. மனசுக்கு ஒரு வேலை தனியாக வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட நூலகங்களுக்காக விஞ்ஞானிகளின் வாழ்க்கையைச் சின்னப் புத்தகங்களாக எழுதுகிறேன். சேலத்தில் ஒரு பதிப்பாளர் அவற்றை அச்சடிக்கிறார். என் தகுதி, கல்லூரியில் இயற்பியல் படித்தது. படித்தேன் என்றுதான் சொன்னேன். தேறினேன் என்று சொல்லவில்லை.

அந்த முறை எனக்கு வாய்த்தவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கருந்துளைகளுக்குக் கணக்குப் போட்ட ஆங்கிலேய இயற்பியலாளர். பெயர் சொல்லவேண்டியதில்லை. படத்தைக் காட்டினால் எங்கள் ஆபீஸுக்கு எதிரே டீ ஆற்றுகிறவரே, "இந்தாளு மிசின்ல பேசுவாருங்களே" என்பார். எங்கள் ஊருக்கு இவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார் என்று பதிப்பாளரிடம் அடித்துச் சொன்னேன். எதைப் போட்டாலும் விழுங்கும், ஒன்றையும் திருப்பித் தராது என்று கருந்துளையை விளக்கினால், ஆயிரத்து முந்நூறு அடி ஓட்டியும் புழுதியை மட்டுமே பார்த்த எங்கள் வாடிக்கையாளர்கள், "இதுக்கெல்லாம் பொஸ்தகம் எதுக்குங்க, எங்க தோட்டத்துக்கு வாங்க" என்பார்கள்.

மூன்றாம் அத்தியாயத்தில் அவருக்கு இருபத்தோரு வயது. கெட்டிக்காரர், சோம்பேறி, விளையாட்டுப்பிள்ளை. (இந்த மூன்றில் இரண்டு எனக்கும் பொருந்தும் என்பதால் மிகுந்த பிரியத்தோடு எழுதிக்கொண்டு வந்தேன்.) திடீரென்று ஷூவின் கயிறு கட்ட வரவில்லை. படியில் உருண்டு விழுகிறார். பேச்சு லேசாகக் குழறுகிறது. மருத்துவமனையில் என்னென்னவோ சோதித்துவிட்டு, தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய் என்கிறார்கள். மருந்து கிடையாது. மிஞ்சினால் இரண்டு வருடம்.

‘முதலில் அவருடைய விரல்கள் தடுமாறின’ என்று எழுதினேன். பேனா கீழே விழுந்தது.

நாடகத்தில் ஒத்திகை பார்த்துப் போட்டாலும் அவ்வளவு சரியாக விழாது. எடுத்து மறுபடி பிடித்தேன். பிடித்துக்கொண்டிருக்கும்போதே பார்த்தேன்: வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற சதை தானாகத் துடித்தது. நான் சொல்லி அல்ல, அதுவாக. தோலுக்கு அடியில் ஒரு பல்லிக்குட்டி புரண்டு படுத்த மாதிரி இருந்தது. நின்றது. மறுபடி துடித்தது.

அதற்கு முந்தைய வாரம் சட்டைப் பொத்தான் ஒன்று என்னோடு மல்லுக்கு நின்றது நினைவுக்கு வந்தது. அதற்கும் முன்னால் ஆபீஸ் படியில் தடுக்கியது. அப்போது செருப்பைத் திட்டினேன். இப்போது செருப்பிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டேன்.

முன்பு பாம்பு விஷத்தை ஆராய்ந்த ஒருவரைப் பற்றி எழுதியபோது வீட்டுக் கொடியில் தொங்கிய பெல்ட் என்னைக் கடிக்க வந்ததும், காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது நான்கு மாதம் இருமியதும் உண்மை. அதனால் இதையும் சிரித்துத் தள்ளலாம் என்றுதான் பார்த்தேன். இருமலை நான் வரவழைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சதையை நான் துடிக்கவைக்கவில்லை. நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை. என் உடம்பில் ஒரு இடம் என் பேச்சைக் கேட்கவில்லை என்பது அதுவரை நான் அறியாத பயம். அது சத்தம் போடாத பயம். சோறு தின்னும்போதும் கூடவே உட்கார்ந்திருக்கும்.

மூன்று நாளில் என் நாக்கும் சேர்ந்துகொண்டது. மத்தியப் பிரதேசத்தில் இருக்கிற எங்கள் ரிக் மேனேஜரிடம், "அந்த வண்டியைக் கழற்றி அடுத்த பாயிண்ட்டுக்குக் கொண்டுபோ" என்று சொல்லவேண்டும். எத்தனையோ ஆயிரம் முறை சொன்ன வாக்கியம். ‘கழற்றி’யில் நாக்கு வழுக்கியது.

"ஏனுங்ணா, காலையிலயே ஊத்தியாச்சா?" என்றான் அவன் சந்தோஷமாக.

"அட, நான் குடிக்கிற ஆளாடா?"

"அதானே பாத்தேன். குடிச்சாலாச்சும் நீங்க தெளிவாப் பேசுவீங்க."

வழக்கமாக இதற்குப் பதிலடி கொடுத்து அவனை அழவைத்திருப்பேன். அன்றைக்கு போனை வைத்துவிட்டு அத்தியாயக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். அந்த விஞ்ஞானியின் பேச்சும் முதலில் லேசாகத்தான் குழறியது. பிறகு நெருங்கியவர்களுக்கு மட்டுமே புரிந்தது. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்களுக்கு ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. பிறகு தொண்டையில் ஓர் அறுவை. அதோடு குரல் போயிற்று. கடைசியில் கன்னத்துச் சதை ஒன்றை அசைத்து, எழுத்துக்களைத் தேர்ந்தெடுத்து, மிஷின் குரலில் பேசினார். போனில் பேசித்தான் எனக்குச் சோறு. கன்னத்தை அசைத்து ரிக் வண்டியை எப்படி அனுப்புவது?

அன்றிலிருந்து என் குரலை நானே ஒட்டுக்கேட்க ஆரம்பித்தேன். ஆபீஸ் பாத்ரூம் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்ப்பேன். அது லேசாக அலைபாயும். நீட்டிவைத்த எல்லா நாக்கும் அலைபாயும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது ஒப்பிட்டுப் பார்க்க வேறு நாக்கு இல்லை. முதலாளியிடம் கேட்க முடியுமா? ஒரு நாள் நாக்கை நீட்டியபடி நிற்கையில் கதவைத் திறந்த முதலாளி, உடனே மூடிவிட்டுப் போனார். வெளியே வந்ததும், "இன்னைக்கு வேணா லீவு எடுத்துக்குங்க" என்றார்.

மொபைலில் தேடுவதுதான் உலகத்தில் கெட்ட பழக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன், தேடிக்கொண்டே. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸில் தனியாக உட்கார்ந்து, கட்டைவிரல் துடிப்பு என்று போட்டால், தூக்கமின்மையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் அந்த நோயின் பெயர் நிற்கும். எந்தக் கேள்வியைக் கேட்டாலும் அங்கேதான் கொண்டுபோய் விடும். கருந்துளைக்கு ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் உள்ளேதான் விழவேண்டும் என்று இரண்டாம் அத்தியாயத்தில் மிக அழகாக எழுதியிருந்தேன். எழுதியவனுக்கு அப்போது அதன் அர்த்தம் தெரியாது.

மூன்றாம் அத்தியாயம் அப்படியே நின்றது. டாக்டர் வாயைத் திறக்கிற இடம். அதற்கு அடுத்த வரியை எழுதினால் அது எனக்கும் சொல்லப்பட்டதாக ஆகிவிடும் போலிருந்தது. பதிப்பாளர் கேட்டபோது, "அவருக்கு உடம்பு சரியில்லீங்க" என்றேன். "தெரியுமுங்க, அதுக்குத்தானே பொஸ்தகம்" என்றார்.

என் மனைவியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை அவள் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. குமாரபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறவள். நான் காபி டம்ளரை இரண்டு கையால் பிடிப்பதைக் கவனிக்காமல் விடுவாளா?

"ஏனுங்க, டம்ளரு அத்தன கனமா?"

"சூடா இருக்குது."

"ஆறிப்போயி ஆடை கட்டிருச்சுங்க."

சொல்லிவிட்டேன். சொல்லும்போது இரண்டு நகைச்சுவையும் சேர்த்துச் சொன்னேன். அவள் இரண்டுக்கும் சிரிக்கவில்லை. கையை வாங்கி, அந்தச் சதை துடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "டாக்டர்கிட்டப் போலாமுங்க" என்பாள் என்று நினைத்து, போகாமலிருக்கக் காரணங்கள் தயாராக வைத்திருந்தேன். அவள் சொன்னது வேறு.

"மொதல்ல சாமிகிட்டப் பூக்கேட்டுருவோம். அப்பறம் எந்த டாக்டரா இருந்தாலும் பாத்துக்கலாம்."

எங்கள் பக்கம் பெண் பார்ப்பதிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடுகிற இடம் வரை பூக்கேட்காமல் ஒன்றும் நடக்காது. வெள்ளைப் பூ ஒரு இலையில், சிவப்புப் பூ ஒரு இலையில், உள்ளே இருப்பது தெரியாதபடி மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். கேட்க வேண்டியதை மனசுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் நல்லது, சாமி உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம், ஆகாது. பிரபஞ்சம் ஆரம்பிக்க ஒரு கடவுள் தேவைப்படவில்லை என்று கணக்குப் போட்டுச் சொன்ன மனிதரின் வாழ்க்கையை எழுதுகிறவன் நான். எழுதுவது வேறு, பூக்கேட்பது வேறு. என் பயத்துக்குக் கொள்கை கிடையாது.

எங்கள் குலதெய்வம் ஜேடர்பாளையத்துக்கு அந்தப் பக்கம், காவிரியை ஒட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். பூசாரி பொட்டலங்களை வைத்துவிட்டு, "மனசுல நெனச்சுக்குங்க சாமி" என்றார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நானும் மூடினேன். ‘எனக்கு அந்த நோய் இல்லைதானே’ என்று கேட்கவேண்டும். அவ்வளவுதான்.

அப்போதுதான் கல்லூரியில் தேறாத அந்த இயற்பியல் எனக்குள் விழித்துக்கொண்டது. இரண்டு பொட்டலம். ஒன்று சிவப்பு. எங்கள் தாலுகாவிலேயே ஒருத்தருக்கு இருக்குமோ இருக்காதோ என்கிற நோயை, ஒரே நிமிடத்தில் நான் இரண்டில் ஒன்றாக ஆக்கிக்கொள்ளப் போகிறேன். சிவப்பு வந்துவிட்டால்? எந்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட் அதை என் மனசிலிருந்து அழிக்கும்? பூசாரியின் கை பொட்டலத்தை நோக்கி நீண்டது. அந்தக் கடைசி நொடியில் நான் கேள்வியை மாற்றிவிட்டேன்.

‘சாமி, திரும்பிப் போகிறபோது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா?’

வெள்ளைப் பூ வந்தது.

என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் அந்தப் பத்து நாளில் அவள் அழுது பார்க்கவில்லை. அத்தனையையும் அங்கே அழுதாள். "சாமி சொல்லிருச்சுங்க, ஒண்ணுமில்லீங்க" என்று என் கையைப் பிடித்துத் துடிக்கிற இடத்தில் திருநீற்றைத் தேய்த்தாள். அந்த முகத்தைப் பார்த்து, ‘நான் கேட்டது பஸ் சீட்’ என்று சொல்லக்கூடிய வீரன் கொங்கு நாட்டில் எவனாவது இருந்தால் அவனுக்குக் கோயில் கட்டலாம்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. திருச்செங்கோடு வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். அந்தப் பயணம்போல ஒரு பயணம் எனக்கு வாய்த்ததில்லை. சாமி சொன்னது பொய்யா? வெள்ளைப் பூவுக்கே மதிப்பில்லையா? அல்லது நான் கேட்காமல் விட்ட கேள்விக்குத்தான் சாமி பதில் சொல்லியிருக்கிறதா? ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது எழுந்திருக்கிறார்களா என்று வெறித்துப் பார்த்தேன். இடம் கிடைத்தால் சாமி பஸ்ஸுக்குப் பதில் சொல்லியிருக்கிறது, என் நோய்க்கு இன்னும் பதில் இல்லை. கிடைக்காவிட்டால் ஒருவேளை பதில் நோய்க்கானது. ஒரு கட்டத்தில் ஒரு அம்மா, "உக்காருங்க தம்பி, மொகமெல்லாம் வேர்த்திருக்குது" என்று எழுந்தபோது, "வேண்டாமுங்க, வேண்டவே வேண்டாமுங்க" என்று நான் அலறியதில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் இல்லை. முன்பு பயத்தில் பாதியையாவது அவள் தூக்கினாள். இப்போது முழுசும் என் தலையில். அவளோ மச்சானுக்கும் மாமியாருக்கும் போன் போட்டுச் சொல்லி முடித்திருந்தாள். கடைசியில் பதிப்பாளரைப் பார்க்கப்போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, ஆபீஸுக்கு லீவு போட்டு, நான் மட்டும் சேலத்துக்குப் போனேன்.

நரம்பு டாக்டர் ஒரு பெண்மணி. அதிகம் பேசாதவர். சுத்தியலால் முட்டியில் தட்டினார். விரல்களை விரிக்கச் சொல்லி அழுத்தினார். வலது கையில் பலம் குறைவு என்று எழுதினார். அதை நான் தலைகீழாகப் படித்தேன். பிறகு மெல்லிய ஊசியைச் சதைக்குள் குத்தி அதில் ஓடுகிற மின்சாரத்தைப் பார்க்கிற சோதனை. ஊசி உள்ளே போனதும் பக்கத்திலிருந்த மிஷின் கரகரவென்று பொரிந்தது. பாறையில் ரிக் இறங்குகிற சத்தம் மாதிரியே இருந்தது அது. வாழ்நாளெல்லாம் அந்தச் சத்தத்தைப் போனில் கேட்டு, "எத்தன அடி?" என்று கேட்டவன் நான். இப்போது என் கைக்குள் ஓட்டுகிறார்கள், எத்தனை அடியில் என்ன வரும் என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

டாக்டர் ஊசியை எடுத்த கையோடு என் போன் அடித்தது. ரிக் மேனேஜர். எடுக்காவிட்டால் அங்கே வண்டி நின்றுவிடும். "ஒரு நிமிஷமுங்க" என்று எழுந்து, போனை வலது காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, டாக்டரின் மேஜையிலிருந்தே ஒரு காகிதத்தை இழுத்துப் பைப் கணக்கை எழுத ஆரம்பித்தேன்.

டாக்டர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எப்பவும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"ஆமாங்க."

"எவ்வளவு வருஷமா?"

"இருபத்திரண்டு வருசமாங்க."

"ஒரு நாளைக்கு?"

"எண்பது, நூறு போன் வருமுங்க."

கழுத்துக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கழுத்து எலும்புக்கு நடுவே இருக்கிற டிஸ்க் பிதுங்கி, கைக்குப் போகிற நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. "பெரும்பாலும் இதுதான்" என்றார்.

"நாக்குங்க?"

"நாக்கில் ஒண்ணும் இல்லை. நீங்க அதையே கவனிச்சுக்கிட்டுப் பேசறீங்க. நடக்கும்போது காலைப் பார்த்துக்கிட்டே நடந்து பாருங்க, தடுக்கும்."

"அப்ப அந்த நோய் இல்லீங்களா?"

அவர் உடனே பதில் சொல்லியிருந்தால் நான் ஓடிப்போய் ஜவ்வரிசி வடை தின்றிருப்பேன். யோசித்தார். "ஆரம்பத்தில் சிலபேருக்குத் தெளிவாத் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை பார்த்துட்டா நிச்சயமாச் சொல்லிடலாம்."

பெரும்பாலும். அந்த ஒரு வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். பெரும்பாலும் என்பதற்குள் ஒரு சிறும்பாலும் இருக்கிறது என்பதை என் தமிழ் வாத்தியார்கூடச் சொல்லித்தரவில்லை.

ஸ்கேன் படத்தை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அரிசி எடுக்கிறவள் அவள் என்பது எனக்குத் தோன்றவில்லை. அந்த உறையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் எதிரே வந்து நின்றபோது, எல்லாவற்றையும் சொன்னேன், பஸ் சீட் உட்பட.

அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"சாமிகிட்ட பஸ்ஸுல சீட்டுக் கேட்டீங்களா?"

"ஆமா."

"கண்டக்டர்கிட்டக் கேக்கறத?"

"செவப்பு வந்துருச்சுன்னா என்ன பண்றதுன்னு..."

"அதுக்கு? நானும் பக்கத்துலதானே நின்னுட்டிருந்தேன்?" உறையை என் கையில் திணித்தாள். "செவப்பு வந்திருந்தா என்ன, உங்கள அங்கயே உட்டுட்டு வந்திருப்பனா?"

மறுநாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அந்த வெள்ளக்காரருக்கு ஊட்டுக்காரி இருந்துதா?"

"இருந்துது. நோயின்னு தெரிஞ்ச பின்னாடிதான் கல்யாணமே."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

இரண்டு காய் நறுக்கினாள். "என்னைய ஒண்ணுமே தெரியாமக் கட்டி வெச்சுட்டாங்க" என்றாள். அப்போதுதான் மூச்சு வந்தது எனக்கு. அந்தக் கல்யாணம் இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு என்ன ஆனது என்பது ஏழாம் அத்தியாயத்தில் வரும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. எல்லாப் பொய்யையும் ஒரே நாளில் நிறுத்த முடியுமா?

அந்த ஆறு மாதம் எப்படிப் போயிற்று என்று கேட்டால், தண்ணீர் பாட்டிலைத் தூக்கித் தூக்கிப் போயிற்று. காலையில் எழுந்ததும் வலது கையால் ஒரு லிட்டர் பாட்டிலை எத்தனை முறை தூக்க முடிகிறது என்று எண்ணுவேன். நேற்றைவிட ஒன்று குறைந்தால் அன்றைய நாள் போயிற்று. கழுத்துக்காக முதலாளி வாங்கிக்கொடுத்த ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பேசினேன். வாயில் நெல்லிக்காயை வைத்திருப்பவன்போல ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து வைத்ததால், ரிக்காரர்கள் எல்லோரும் என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள். அது இன்னும் கலவரமாக இருந்தது.

புத்தகத்தில் வேறு அத்தியாயங்களை எழுதினேன். அந்த மனிதர் பேனா பிடிக்க முடியாமல் போனபோது, சமன்பாடுகளை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் உருவங்களாக மனசுக்குள்ளேயே திருப்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். கருந்துளை முழுக்கக் கருப்பு இல்லை, மெல்ல மெல்ல வெப்பமாகக் கசிந்து, கற்பனைக்கு எட்டாத காலம் கழித்து ஒரு நாள் இல்லாமலே போகும் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தார். ஒரு நாள் நானும் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கத்தை மனசிலேயே எழுதிப்பார்த்தேன். மூன்றாவது வரியில் முதல் வரி மறந்துவிட்டது. நான்காவது வரியில் தூங்கிவிட்டேன். இரண்டு வருடம் என்று சொல்லப்பட்ட பிறகுதான் அவர் உருப்படியாக வேலையே செய்ய ஆரம்பித்தார், ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தார் என்று எல்லோரும் ஊக்கமாகச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் எழுத நினைத்திருந்தேன். ஆனால் அந்த முதல் இரண்டு வருடத்தின் ஒவ்வொரு காலையிலும் அவர் தன் கையை எப்படிப் பார்த்திருப்பார் என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டில்தான் சொன்னது.

ஆறாவது மாதம் முடிந்து சேலத்துக்கு இருவரும் போனோம். பூக்கேட்கவில்லை. "போதும், சாமியத் தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று அவளே சொல்லிவிட்டாள்.

காத்திருக்கும் இடத்தில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தம்பதி. கணவர் ராசிபுரத்துக்காரர், பட்டுத்தறி வைத்திருப்பவர், நாற்பது வயதிருக்கும். இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார். வைத்திருந்தார் என்பதைவிட, யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தன. அவர் என்னிடம் ஏதோ கேட்டார். புரியவில்லை. மறுபடி கேட்டார். அவர் மனைவிதான் எடுத்துச் சொன்னார்: "எந்த ஊருன்னு கேக்கறாருங்ணா."

சொன்னேன். நான் கண்ணாடி முன்னால் நின்று தேடியதெல்லாம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அவருடைய முன்கையில், தோலுக்கு அடியில், ஓயாமல் அலை ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு இன்னும் நோயின் பெயர் சொல்லப்படவில்லை. அன்றைக்குத்தான் ரிப்போர்ட்டெல்லாம் பார்த்துச் சொல்வதாக வரச்சொல்லியிருக்கிறார்கள். "இவருக்குத் தறி நெய்யறதுல கை அசந்துபோச்சுங்ணா, வேற ஒண்ணும் இருக்காது" என்றார் அந்த அம்மா. "உங்களுக்கும் கைதானுங்களா?"

"ஆமாங்க, கைதானுங்க."

"எங்களாட்டமே" என்று அவர் கணவரிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

என்னைக் கூப்பிட்டார்கள். ஊசி, சத்தம், அழுத்திப் பார்ப்பது எல்லாம் முன்புபோலவே. டாக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எனக்கோ அந்த ஆறு மாதப் பயத்தையும் ஒரே மிடறாகக் குடித்த மாதிரி இருந்தது. "அந்த நோய் உங்களுக்கு இல்லை" என்றார். "கழுத்தைப் பார்த்துக்குங்க. இனி இங்கே வரவேண்டியதில்லை."

என் மனைவி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். ‘நன்றிங்க’ மட்டும்தான் வந்தது.

வெளியே வந்தோம். முகத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. அது தானாகச் சிரிக்கப் பார்த்தது. ராசிபுரத்துக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் தூக்கி வைக்கிற மாதிரி, கேட்டார். இந்த முறை எனக்கே புரிந்தது.

"என்ன... சொன்னாங்கங்ணா?"

"ஆறு மாசங் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

என் மனைவி சடாரென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர்களைக் கூப்பிட்டார்கள். கதவு மூடியது. எங்கள் பஸ் நேரம் போயிற்று. இருவரும் எழுந்திருக்கவில்லை. கதவு திறக்க வெகுநேரமாயிற்று. அந்த அம்மா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு முதலில் வந்தார். யாரையும் பார்க்காமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார். அவர் கணவர் மெல்ல நடந்து வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஒரு சீட்டை என் பக்கம் நகர்த்தினார். அடுத்து வரவேண்டிய நாள் அதில் எழுதியிருந்தது. ஆறு மாதம் தள்ளி ஒரு புதன்கிழமை.

"உங்களுக்கு... எந்த நாளுங்ணா?"

நான் சீட்டைப் பார்த்தேன். "இதேதானுங்க" என்றேன். "ஒரே நாளு."

அவர் தலையை ஆட்டினார். என் மனைவி பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தச் சீட்டின் பின்னால் எங்கள் போன் நம்பரை எழுதினாள். "அன்னைக்கு வெள்ளன வந்துருங்கண்ணா" என்றாள். "நாங்க வந்து எடம் போட்டு வெக்கறோம்."

மூன்றாம் அத்தியாயத்தை அந்த வாரமே எழுதி முடித்தேன். டாக்டர் வாயைத் திறக்கிற இடத்தில் என் வழக்கமான வேடிக்கை ஒன்றுகூட இல்லை என்று பதிப்பாளர் வருத்தப்பட்டார். ராசிபுரத்துக்காரர் சில வாரங்களுக்கு ஒருமுறை போன் செய்கிறார். முன்னைவிடக் குறைவாகப் புரிகிறது. "உங்க கை எப்படியிருக்குதுங்ணா" என்று அவர் கேட்பதாக அந்த அம்மா சொல்வார். அப்படியேதான் இருக்குதுங்க என்பேன்.

நாளைக்குத்தான் அந்தப் புதன்கிழமை. முதல் பஸ்ஸில் போகிறோம். எனக்கு ஒன்றும் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் இன்று மத்தியானத்திலிருந்து என்னால் டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடியவில்லை.